எங்கள் மொறிஸ் மைனரைச் செய்த அகதி: அலெக் இசிகோனிஸின் வாழ்க்கை

யாழ்ப்பாணத்தில் ஐம்பது வயதைக் கடந்த எவரிடமும் மொறிஸ் மைனர் என்று சொல்லிப் பாருங்கள். கலியாண வீடு, ஆஸ்பத்திரி, செத்த வீடு என்று ஏதாவது ஒரு பயணம் அவருக்கு நினைவுக்கு வரும். அந்தக் காரை வடிவமைத்தவர் யார் என்று கேட்டால் அனேகமானோருக்குத் தெரியாது. அவர் பெயர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் உலகம் கொண்டாடிய மினி காரைச் செய்தவரும் அவரே. அவர் 15 வயதில் யுத்தத்தால் ஊரை இழந்து, கப்பலில் ஏறித் தப்பி, தகப்பனையும் வழியிலேயே பறிகொடுத்த ஓர் அகதி என்பது இன்னும் குறைவானவர்களுக்கே தெரியும்.

நான் வாகனம் திருத்துபவன். போர் முடிந்த பிறகு இங்கே சிறிய கராச் ஒன்றை வைத்திருக்கிறேன். அண்மைக்காலமாக லீசிங்கில் எடுத்த சின்னக் கார்களோடு தம்பிமார் வருகிறார்கள். காரை நிலத்தோடு பதிக்க வேண்டும், கொயில் ஸ்பிறிங்கை மாற்ற வேண்டும், ஸ்வே பாரைத் தடிப்பாகப் போட வேண்டும் என்று கேட்கிறார்கள். எதை முதலில் வாங்க வேண்டும் என்பதே அவர்களின் கேள்வி. காருக்குக் கீழே படுத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்லி முடிக்க என்னால் இயலவில்லை. பதில் இந்த மனிதரின் வாழ்க்கைக்குள் இருக்கிறது. அவரும் அந்தத் தம்பிமாரைப் போல ஒரு சின்னக் காரைப் பிரித்துத் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டுதான் தொடங்கினார்.

நெருப்புக்கும் கடலுக்கும் நடுவில்

இசிகோனிஸ் 1906 நவம்பர் 18 ஆம் திகதி ஸ்மிர்னா என்னும் துறைமுக நகரில் பிறந்தார். இன்று துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் நகரம் அது. அப்போது ஒட்டோமான் பேரரசின் கீழ் இருந்தது. கிரேக்கர், துருக்கியர், ஆர்மேனியர், யூதர், ஐரோப்பிய வணிகர் என்று பலரும் கலந்து வாழ்ந்த ஊர். தந்தை கொன்ஸ்ரன்ரைன் கிரேக்கர், இயந்திரப் பட்டறை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். தாய் ஹுல்டா ஜேர்மனியின் பவேரியா வழிவந்தவர். ஸ்மிர்னாவிலிருந்து உள்நாட்டை நோக்கிப் பிரித்தானியர் அமைத்த ரயில்பாதையோடு தொடர்புபட்ட வேலையால் இசிகோனிஸ் குடும்பத்துக்குப் பிரித்தானியக் குடியுரிமை கிடைத்திருந்தது.

முதலாம் உலகப் போரில் ஒட்டோமான் அரசு ஜேர்மனியின் பக்கம் நின்றது. அதனால் பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். குடும்பத்தின் பட்டறை பறிக்கப்பட்டது. போர் முடிந்ததும் 1919 இல் கிரேக்கப் படை ஸ்மிர்னாவில் இறங்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1922 செப்டெம்பரில் துருக்கிப் படை நகரைத் திருப்பிக் கைப்பற்றியது. செப்டெம்பர் 13 ஆம் திகதி கிரேக்க, ஆர்மேனியக் குடியிருப்புகள் தீப்பற்றி எரிந்தன. இலட்சக்கணக்கான மக்கள் துறைமுகக் கரையில் ஒடுங்கினார்கள். பின்னால் நெருப்பு, முன்னால் கடல். கடலில் பல நாடுகளின் போர்க் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. அந்தக் கரையில் நிற்பது என்றால் என்னவென்று இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இசிகோனிஸ் குடும்பம் அந்தத் தீக்கு முன்னரே வெளியேறியது. பிரித்தானியக் குடியுரிமை இருந்தபடியால் பிரித்தானியக் கடற்படை அவர்களை மோல்டாவுக்குக் கொண்டுபோனது. அதே தெருவில் வாழ்ந்த அயலவர்களுக்கு அந்தக் கடதாசி இருக்கவில்லை. வீடு, பட்டறை, காணி எல்லாம் பின்னால் போயின. மோல்டாவில் தகப்பன் நோயுற்று இறந்தார். 1923 இல் தாயும் மகனும் லண்டன் வந்து சேர்ந்தார்கள். பையனுக்கு இங்கிலாந்து பத்திரங்களில் மட்டுமே சொந்த நாடு. அதை அவன் அதுவரை கண்டதில்லை.

லண்டனில் பற்றர்சீ பொலிரெக்னிக்கில் பொறியியல் படித்தார். வரைவதில் கெட்டிக்காரர். கணிதத்தில் மூன்று தடவை சித்தியடையவில்லை. தூய கணிதம் படைப்பாளிக்குப் பகை என்று பின்னாளில் பெரிய மனிதரான பிறகும் சொல்லித் திரிந்தார். ஆனால் ஒரு பொருளைக் கண்ணால் அளக்கவும், மனதில் திருப்பித் திருப்பிப் பார்க்கவும், கையில் கிடைத்த கடதாசியில் கோடாக இறக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. பட்டறைக்குள் வளர்ந்த பிள்ளைக்கு வரும் அறிவு அது.

கையால் செய்த கார்

1930 களில் ஒஸ்ரின் செவன் என்ற சின்னஞ்சிறு கார் இங்கிலாந்தில் மலிவாகக் கிடைத்தது. இசிகோனிஸ் அதில் வேகமான ரகம் ஒன்றை வாங்கி மலையேற்றப் போட்டிகளில் ஓடினார். ஓடிப் பார்த்ததும் அவருக்கு விளங்கியது ஒன்றுதான். காரின் பலவீனம் எஞ்சினில் அல்ல, சில்லுகள் நிலத்தைப் பிடிக்கும் விதத்தில் இருந்தது. முடக்கில் திரும்பும்போது முன் அச்சு முழுவதுமாகத் துள்ளியது. ஒரு சில்லு கிடங்கில் விழுந்தால் மற்றச் சில்லும் குழம்பியது. அவர் முன் அச்சைத் தானே மாற்றி அமைத்தார்.

அது போதவில்லை. ஜோர்ஜ் டவ்சன் என்ற நண்பரோடு சேர்ந்து புதிதாக ஒரு காரையே கட்டத் தொடங்கினார். பகலில் கார்க் கம்பனி வேலை, இரவிலும் ஓய்வு நாட்களிலும் இந்த வேலை. மின்சார ஆயுதம் ஒன்றும் கிடையாது. வாளும் அரமும் கைத்துளைப்பானும்தான். ஒட்டுப்பலகைக்கு மேல் அலுமினியத் தகடு பதித்து உடலைச் செய்தார்கள். கனமான சட்டம் தனியாக இல்லை, உடலே சட்டம். நான்கு சில்லுகளும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் தனித்தனியே ஏறி இறங்கின. ஸ்பிறிங்குக்குப் பதிலாக றப்பர். முழுக் காரும் ஏறத்தாழ 266 கிலோ. அதில் எஞ்சின் மட்டும் 114 கிலோ அளவு. 1930 களின் கடைசியில் அது ஓடத் தொடங்கியபோது தன்னைவிடப் பெரிய எஞ்சின் கொண்ட கார்களையும் தோற்கடித்தது.

அந்தக் காரில் அவர் செய்த ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் பாரத்தைக் குறைத்தார். அடுத்து உடலை முறுகாதபடி உறுதியாக்கினார். பிறகுதான் சில்லுகளின் அசைவைச் சரிசெய்தார். எஞ்சினின் பலத்தைக் கூட்டுவது கடைசி. இன்று என் கராச்சுக்கு வரும் தம்பிமாரில் பலர் இதைத் தலைகீழாகச் செய்யப் பார்க்கிறார்கள்.

மொறிஸ் மைனர்

1936 இல் ஒக்ஸ்போர்ட்டுக்கு அருகே கௌலியில் இருந்த மொறிஸ் கம்பனியில் சேர்ந்தார். முன் சில்லுகளுக்கான தனித்தனித் தொங்கல் அமைப்பை வடிவமைப்பது அவருடைய வேலை. இரண்டாம் உலகப் போர் வந்தது. இராணுவ வாகன வேலைகளுக்கு இடையே, போர் முடிந்ததும் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய ஒரு சின்னக் காரை வரைய அவருக்கு இடம் கொடுத்தார்கள். 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மொறிஸ் மைனர் வெளிவந்தது.

மைனரின் பொனற் நடுவில் நீளத்துக்குத் தட்டையான ஒரு பட்டி ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அதற்கு ஒரு கதை உண்டு. மாதிரிக் கார் முடிந்த பிறகு, அது ஒடுக்கமாக இருக்கிறது என்று இசிகோனிஸுக்குப் பட்டது. நீளவாட்டில் நடுவால் வெட்டச் சொன்னார். இரண்டு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் விலகியபோது சரி என்றார். அந்த 4 அங்குலத்தை அடைத்த இடம்தான் அந்தப் பட்டி. அகலம் கூடியதால் உள்ளே இடம் கிடைத்தது மட்டுமல்ல, இரு பக்கச் சில்லுகளுக்கும் இடையிலான தூரமும் கூடியது. முடக்கில் கார் சாய்வது குறைந்தது. ஸ்வே பார் போடாமலே சாய்வைக் குறைக்கும் முதல் வழி அதுதான்.

முன்பக்கத்தில் சாதாரண ஸ்பிறிங்குக்குப் பதிலாக நீளமான முறுக்குக் கம்பிகளைப் போட்டார். சில்லு மேலெழும்போது கம்பி தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்கும். ஸ்ரேறிங்குக்குப் பற்சட்டமும் பற்சில்லும் கொண்ட அமைப்பு. திருப்பினால் உடனே கேட்கும். பின்பக்கத்துக்கும் நவீன அமைப்பு வேண்டும் என்றுதான் அவர் விரும்பினார். செலவு என்று சொல்லிப் பழைய வில்லுத் தகடுகளையே போடவைத்தார்கள். கம்பனி உரிமையாளர் நஃபீல்ட் பிரபுவுக்கு அந்தக் காரின் வடிவமே பிடிக்கவில்லை. அவித்த முட்டையோடு ஒப்பிட்டு இகழ்ந்தார். ஆனால் 10 இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் என்ற பெயரை அதுவே பெற்றது.

தடைக்காலத்தில் அதே கார்

அந்த மைனர்கள் இலங்கைக்கும் வந்தன. 1960 களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்ததோடு புதிய கார் வாங்குவது எட்டாக்கனியாகிவிட, இருந்தவற்றையே திருத்தித் திருத்தி ஓட வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கார்களும் வாடகைக் கார்களாக நின்றன.

1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது நான் பட்டறை ஒன்றில் வேலை பழகும் பெடியன். பெற்றோல் தங்கத்தின் விலை. பழைய மைனர்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பெற்றோலைச் சின்னப் போத்தலில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. இது ஏன் முடிந்தது என்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து எஞ்சின்களில் வாயுவை அமுக்கும் அளவு குறைவு. அதனால் தரம் குறைந்த எரிபொருளையும் அவை பொறுத்துக்கொண்டன. இன்றைய எஞ்சினில் அப்படிச் செய்தால் கொஞ்ச நேரத்தில் தட்டும் சத்தம் கேட்கும், பிறகு எஞ்சினே மிஞ்சாது.

எரிபொருளை விடத் தொங்கல் அமைப்புத்தான் எங்களுக்குப் பெரிய பாடம். மைனரின் முன் சில்லைத் தாங்கும் கீழ் மூட்டு ஒரு புரியாணி போலத் திரும்புவது. அதற்கு ஒழுங்காகக் கிறீஸ் போக வேண்டும். போகாவிட்டால் புரி தேய்ந்து, ஒருநாள் சில்லு உள்ளே மடிந்து கார் முகம் குப்புற இருந்துவிடும். கிறீஸ் இல்லாத நாட்களில் பழைய எஞ்சின் ஒயிலை விட்டோம். றப்பர் புஷ் இல்லாதபோது லொறி ரயரை வெட்டிப் புஷ் செய்தோம். ஷெல் விழுந்து கிடங்கான றோட்டுகளில் நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கார்கள் போயின. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, சனத்துக்கு நடுவில் நடைவேகத்தில் ஊர்ந்த ஒரு சில கார்களில் மைனரும் இருந்தது. அதை வரைந்தவரும் ஊர்விட்டு வந்தவர் என்பது அன்று எங்களில் எவருக்கும் தெரியாது.

10 அடிக்குள் நான்கு பேர்

1952 இல் மொறிஸும் ஒஸ்ரினும் ஒன்றாகி பி.எம்.சி. கம்பனி உருவானது. இசிகோனிஸ் விலகிக் கொவென்ரியில் அல்விஸ் கம்பனிக்குப் போனார். அங்கே ஒரு பெரிய காருக்காக உழைத்தார். அந்தத் திட்டம் செலவு அதிகம் என்று கைவிடப்பட்டது. ஆனால் அந்தக் காலத்தில் அலெக்ஸ் மோல்ரன் என்பவரோடு ஏற்பட்ட நட்பு மிஞ்சியது. மோல்ரன் றப்பர்த் தொழில் நடத்திய குடும்பத்தவர். றப்பரால் வாகனத்தைத் தாங்க முடியும் என்று நம்பியவர்.

1955 இன் முடிவில் பி.எம்.சி. தலைவர் லியனார்ட் லோர்ட் இசிகோனிஸைத் திருப்பி அழைத்தார். அடுத்த ஆண்டு சுயெஸ் நெருக்கடி. பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீடு வந்தது. சின்னக் கார் உடனடியாக வேண்டும் என்று 1957 இல் லோர்ட் கட்டளையிட்டார். கம்பனியிடம் ஏற்கனவே இருக்கும் எஞ்சினையே பாவிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மைனரில் ஓடிய எஞ்சின் குடும்பம்தான் அது.

இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்பொக்ஸை அதற்குக் கீழே, எஞ்சின் ஒயில் தொட்டிக்குள்ளேயே இறக்கினார். முன்சில்லுகளையே இழுக்கவைத்தார். சில்லை 10 அங்குலமாகச் சுருக்கி நான்கு மூலைகளிலும் தள்ளினார். 10 அடி நீளத்துக்குள் நான்கு பேர் இருக்க இடம் கிடைத்தது. 1959 ஓகஸ்ட் 26 இல் மினி வெளிவந்தது.

அதன் தொங்கல் அமைப்புத்தான் எனக்கு அதிகம் பிடித்தது. கார் ஏறத்தாழ 600 கிலோ. நான்கு பேரும் பொதியும் ஏறினால் காரின் பாரத்தில் பாதிக்குக் கிட்ட அதிகரிக்கும். தனி ஆள் ஓடும்போது சுகமாக இருக்கும் அளவுக்கு உருக்கு ஸ்பிறிங் மென்மையாக இருந்தால், நான்கு பேர் ஏறும்போது அது அடியோடு அமுங்கிவிடும். நான்கு பேருக்குக் கணக்குப் பண்ணினால், தனியாக ஓடும்போது கார் கல்லுப் போல் துள்ளும். மோல்ரன் கொடுத்த விடை ஒரு றப்பர்க் கூம்பு. கொஞ்சம் அமுக்கினால் இலகுவாக அமுங்கும். மேலும் அமுக்க அமுக்க இறுகிக்கொண்டே போகும். கைப்பிடிக்குள் அடங்கும் அளவுள்ள பொருள் பெரிய ஸ்பிறிங்கின் வேலையைச் செய்தது.

அந்தக் கூம்புகளோடு, பாரம் பதிவாக இருந்ததாலும் சில்லுகள் மூலையில் நின்றதாலும், மினி முடக்கில் சாயாமல் திரும்பியது. ஸ்வே பார் இல்லாமலே அப்படி ஓடியது. தம்பிமாருக்கு நான் அடிக்கடி சொல்வது இதைத்தான்.

குறைகளும் இருந்தன. முதலில் வந்த மினிகளின் தளத்தால் மழைத்தண்ணீர் உள்ளே ஊறியது. முன் கிறில்லால் அடித்த மழை எஞ்சினின் மின்பகுதியை நனைத்துக் காரை நிறுத்தியது. இசிகோனிஸ் பிடிவாதக்காரர். சீற்று அதிக சுகமாக இருந்தால் சாரதி தூங்கிவிடுவார் என்று நினைத்தார். காரில் ரேடியோ வேண்டாம் என்றார். தனக்குச் சரியென்று பட்டதே எல்லோருக்கும் போதும் என்பது அவருடைய எண்ணம். மற்றவரின் கருத்துக்கு அவர் காது கொடுப்பது குறைவு என்று அவரோடு வேலை செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

கூப்பர் செய்த மாற்றம்

மினியைப் போட்டிக் காராக்கலாம் என்பதும் இசிகோனிஸின் எண்ணம் அல்ல. சாதாரண மனிதருக்குச் செய்த காரைப் பந்தயத்தில் விடுவதில் அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. அவருடைய நண்பர் ஜோன் கூப்பர் பந்தயக் கார் செய்பவர். மினியை ஓட்டிப் பார்த்த அவர், இந்தக் கார் நிலத்தைப் பிடிக்கும் விதத்துக்கு இன்னும் பலமான எஞ்சினைத் தாங்கும் என்று கண்டுகொண்டார். கம்பனி இணங்கியது. 1961 இல் மினி கூப்பர் வந்தது. 848 சி.சி. எஞ்சினை 997 சி.சி. ஆக்கினார்கள். அதே நேரம் முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் போட்டார்கள். வேகத்தைக் கூட்டிய கையோடு நிறுத்தும் வழியையும் கூட்டினார்கள்.

பனிபடர்ந்த மலைப்பாதைகளில் நடக்கும் மொன்ரே கார்லோ ரலியில் 1964, 1965, 1967 ஆம் ஆண்டுகளில் மினி கூப்பர் வென்றது. 1966 இல் முதல் மூன்று இடங்களையும் பிடித்து, முன் விளக்குகள் விதிக்குப் பொருந்தவில்லை என்று தகுதி நீக்கப்பட்டது. பெரிய எஞ்சின் கார்களை நேர்ப்பாதையில் மினியால் முந்த முடியாது. முடக்குகளில்தான் முந்தியது.

ஸ்வே பார் என்ன செய்கிறது?

இப்போது தம்பிமாரின் கேள்விக்கு வருவோம். ஸ்வே பார் என்றும் ஸ்ரபிலைசர் பார் என்றும் சொல்வது ஒரே கம்பியைத்தான். வளைந்த அந்தக் கம்பியின் நடுப்பகுதி காரின் உடலோடு றப்பர் புஷ்ஷால் பிடிக்கப்பட்டிருக்கும். இரு முனைகளும் இடது, வலது சில்லுகளின் தாங்கிகளோடு இணைந்திருக்கும். இரண்டு சில்லும் சேர்ந்து எழும்பினால் கம்பி சும்மா சுழலும், ஒன்றும் செய்யாது. ஒன்று மட்டும் எழும்பினால் முறுகி எதிர்க்கும். முடக்கில் வெளிப்பக்கம் அமுங்கி உள்பக்கம் எழும்பும்போது அந்த எதிர்ப்புத்தான் சாய்வைக் குறைக்கிறது. மைனரின் முறுக்குக் கம்பியும் இதுவும் ஒரே தத்துவம்தான்.

கம்பியின் தடிப்பைக் கொஞ்சம் கூட்டினாலே இறுக்கம் பன்மடங்காகும். 20 மி.மீ. கம்பிக்குப் பதிலாக அதே பொருளில், அதே வடிவில் 24 மி.மீ. கம்பி போட்டால் இறுக்கம் இரண்டு மடங்கைத் தாண்டும். காசு கொடுத்து வாங்குபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. கம்பி இறுக இறுக, ஒரு சில்லு படும் பாடு மற்றச் சில்லுக்கும் போகும். காப்பெற் றோட்டில் அது தெரியாது. ஊர் ஒழுங்கையில் ஒரு பக்கச் சில்லு கிடங்கில் விழும்போது முழுக் காரும் தலையாட்டும். 1930 களில் தன் ஒஸ்ரின் செவனில் இசிகோனிஸ் வெறுத்த அதே குணம் அது. சில்லுகளைத் தனித்தனியாக்க அவர் பாடுபட்டார். தடித்த பாரைப் போட்டு நாங்கள் அவற்றைத் திருப்பியும் கட்டிப்போடுகிறோம்.

முன்சில்லு இழுக்கும் சின்னக் கார்கள் வேகமாக முடக்கெடுக்கும்போது, ஸ்ரேறிங்கைத் திருப்பினாலும் மூக்கு வெளிப்பக்கம் போகப் பார்க்கும். பின்பக்கத்தில் மட்டும் அளவான ஒரு பார் போட்டால் அது குறையும். அதனால்தான் பழைய மினி வைத்திருப்பவர்கள் இன்றும் பின் பாரையே தேடுகிறார்கள். அளவு மிஞ்சினால், மழை றோட்டில் வேகத்தைத் திடீரென்று குறைக்கும்போது பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னே வரும். ஏ9 வீதியில் இரவு நேரத்தில் அப்படிச் சுற்றினால் திருத்துவதற்கு எவருக்கும் நேரம் கிடைக்காது.

காரைப் பதிப்பதும் அப்படித்தான். ஸ்பிறிங்கை வெட்டினால் உயரம் குறையும். ஆனால் சில்லு ஏறி இறங்க மிஞ்சும் இடமும் குறையும். சின்னக் கிடங்கிலேயே அடித்தட்டில் முட்டும். முட்டும் அந்தக் கணம் ரயர் நிலத்தை விட்டுத் துள்ளும். வெட்டிய ஸ்பிறிங் இருக்கையிலிருந்து கழன்று போகவும் கூடும்.

கடைசி ஆண்டுகள்

1964 இல் இசிகோனிஸ் பிரித்தானிய அரச கௌரவம் பெற்றார். 1967 இல் றோயல் சொசைற்றியில் சேர்க்கப்பட்டார். கணிதத்தில் மூன்று தடவை தவறியவருக்கு நாட்டின் உயர்ந்த விஞ்ஞானச் சபையில் இடம் கிடைத்தது. 1969 இல் சேர் பட்டம். ஆனால் 1968 இல் கம்பனிகள் மீண்டும் இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆனபோது அவருடைய செல்வாக்குப் போய்விட்டது. மினிக்குப் பதிலாக அதைவிட இலகுவான, எளிமையான புதிய காரை அவர் வடிவமைத்து வைத்திருந்தார். அதைக் கிடப்பில் போட்டார்கள். 1971 இல் ஓய்வு பெற்றார். அதன் பிறகும் ஆலோசகராக வரைந்துகொண்டே இருந்தார்.

அவர் திருமணம் செய்யவில்லை. ஸ்மிர்னாவிலிருந்து கூடவே வந்த தாயோடுதான் வாழ்ந்தார். தாய் 1972 இல் இறந்தார். இசிகோனிஸ் 1988 ஒக்ரோபர் 2 ஆம் திகதி பேர்மிங்ஹாமில் காலமானார். அவருடைய மினி 2000 ஆம் ஆண்டு வரை தயாரிக்கப்பட்டது. மொத்தம் 53 இலட்சத்துக்கும் மேல்.

அகதியாக வந்ததால்தான் அவர் சிறந்த கார் செய்தார் என்று நான் எழுத மாட்டேன். துன்பம் எவரையும் தானாகக் கெட்டிக்காரர் ஆக்குவதில்லை. அப்படியென்றால் எங்கள் ஊரில் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும். படிக்க ஒரு பள்ளிக்கூடமும், அரைகுறையானாலும் ஒரு கராச்சும், நம்பி வேலை கொடுத்தவர்களும் அவருக்குக் கிடைத்தார்கள். அவருடைய அயல் பிள்ளைகளுக்குக் கப்பலே கிடைக்கவில்லை. இதையும் சேர்த்துத்தான் அவருடைய வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.

எதை முதலில் செய்வது?

தம்பிமாருக்கு நான் சொல்லும் ஒழுங்கு இது. அவருடைய வேலையைப் பார்த்து நான் பழகிக்கொண்டது.

முதலில் காரில் இருக்கும் தேவையில்லாத பாரத்தை இறக்குங்கள். பெரிய ஸ்பீக்கர்ப் பெட்டிக்குக் காசு போவதில்லை, பாரம்தான் கூடும். அடுத்து தேய்ந்ததை மாற்றுங்கள். கீழ்க் கையின் புஷ், போல் ஜொயின்ற், ஸ்ரபிலைசர் லிங்க், சொக் அப்சோபர். பழைய கார் ஆடுவதற்கு அனேகமாக இவைதான் காரணம், பார் மெல்லியதாக இருப்பது அல்ல. மூன்றாவது நல்ல ரயரும் சரியான காற்றும். நிலத்தைத் தொடுவது அது ஒன்றுதான். நான்காவது சில்லுகளின் கோணத்தை அளந்து சரிசெய்வது. ஐந்தாவது பிறேக். இவ்வளவும் முடிந்து, காரை ஒரு மாதம் ஓடிப் பார்த்த பிறகும் முடக்கில் மூக்கு வெளியே போகிறது என்றால், அந்தக் காருக்கென்றே செய்த அளவான பின் பாரைப் போடலாம். அதைப் பிடிக்கும் தகடு துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் போட வேண்டும்.

இந்த ஒழுங்கில் போனால், கடைசிப் படிக்கு வரும்போது அனேகருக்கு அந்தப் பார் தேவைப்படாது. மிஞ்சிய காசில் லீசிங் ஒரு மாதம் கட்டலாம்.